துறைமுகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே

தூத்துக்குடி மாவட்டத்தில் அண்மைக் காலத்தில் நாட்டப்பட்ட அடிக்கற்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் ஒரு கேள்வி தானாக எழும். 2024 பிப்ரவரி 25இல் சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்து மின்கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 28இல், வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் வெளித்துறைமுகத் திட்டத்துக்கும் குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. வெளித்துறைமுகத்தின் மதிப்பீடு மட்டும் 7,056 கோடி ரூபாய். கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கொச்சி, மசகான் ஆகிய இரண்டு பொதுத்துறைக் கப்பல் நிறுவனங்கள் இந்தக் கரையில் கப்பல் கட்டும் தளம் அமைக்க மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வொரு மேடையிலும் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை என்ற வாக்குறுதி ஒலிக்கிறது. அந்த இளைஞர் எந்த வயதில், எந்த இடத்தில், யாரிடமிருந்து அந்த வேலைக்கான பழக்கத்தைப் பெறுகிறார் என்பதைப் பற்றி மேடையில் பேச்சு எழுவதில்லை. இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை இந்தத் திட்டங்கள் முழு வேகம் பிடிக்கும்போது இருபது வயதை எட்டியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இப்போது கிடைப்பது வழிகாட்டல் வகுப்பும் கல்லூரி விண்ணப்பத்துக்கான உதவியும்தான். இரண்டும் தேவை, ஆனால் போதாது. ஒன்பதாம் வகுப்பு தொடங்கி பிளஸ் டூ முடிவதற்குள் ஒவ்வொரு மாணவருக்கும் உண்மையான ஒரு பணியிடத்தில், ஆசிரியரின் கண்காணிப்போடும் மதிப்பெண்ணோடும், குறிப்பிட்ட காலம் கிடைக்க வேண்டும். அது பிறந்த குடும்பத்தைப் பார்த்து வரக் கூடாது. கல்லூரிக் கதவை அடைக்கவும் கூடாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

தொழிலுக்குப் பிள்ளைகளைத் தயாரிப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கடற்கரை இது. மூச்சடக்கிக் கடலடிக்குப் போய், சிப்பி படிந்த பாரையும் வெறும் மணலையும் பிரித்தறிந்து, கூடையை நிரப்பிக்கொண்டு மேலே வருவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்தால் அந்தக் கல்வியின் ஆழம் விளங்கும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்துச் சொல்லவும், கரையில் தெரியும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒற்றை மரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிக்கவும், நீரின் நிறத்தைக் கொண்டு ஆழம் சொல்லவும் பரதவர் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து தகப்பனோடும் மாமனோடும் போய்த்தான் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கல்வி ஒரே ஒரு வளத்தை நம்பியிருந்தது. தூத்துக்குடியில் அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. சிப்பி வளம் குன்றியபின் அத்தனை அறிவுக்கும் போக்கிடம் சங்குகுளித்தல் ஒன்றுதான் என்றாயிற்று. இன்று திரேஸ்புரத்திலிருந்து புறப்படும் சங்குகுளிப்பவர்களில் பலர் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், மேலே வரும்போது எந்த இடத்தில் நின்று வரவேண்டும், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டையும் முதுகுத்தண்டையும் எப்படித் தாக்குகிறது என்பவை உலகெங்கும் முழுக்குப் பயிற்சியின் முதல் பாடங்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலடிக்குப் போன மக்களுக்கு அந்தப் பாடத்தை முறையாகச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி முன்வரவில்லை.

அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் 1973இல் அழகர்சாமியும் அவரோடு இருந்தவர்களும் கடல் முத்துச்சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். இந்திய அறிவியலில் குறிப்பிடத்தக்க சாதனை அது. 1977இல் மீன்வளக் கல்லூரியும் இங்கே வந்துவிட்டது. ஆயினும் முத்து வளர்ப்பு இந்தக் கரையில் பெருந்தொழிலாக வேரூன்றவில்லை. அதற்குப் பொருளாதாரக் காரணங்கள் பல உண்டு. பள்ளியின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. நான் கவனிப்பது வேறொன்றை. ஆய்வுக்கூடத்தில் ஒரு பக்கமும் சங்குகுளிப்பவரின் வீட்டில் இன்னொரு பக்கமும் கடலைப் பற்றிய அறிவு குவிந்திருந்த ஊரில், அந்த இரண்டும் சந்தித்திருக்க வேண்டிய இடம் மேல்நிலைப் பள்ளி. அங்கே அவை சந்திக்கவில்லை. இந்த இடைவெளி வளம் வற்றும்போது மட்டுமல்லாமல் ஆலை மூடும்போதும் வலிக்கிறது. 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் தாமிர உருக்காலை மூடப்பட்டது. காற்றுக்கும் நீருக்கும் உயிருக்கும் பயந்து மக்கள் எழுந்த எழுச்சி அது. அந்த முடிவின் நியாயத்தைத் திருப்பிக் கேட்காமலேயே ஒன்றைச் சொல்லலாம்: ஒரே ஆலையின் ஒரே இயந்திரத்துக்கு மட்டும் பழகியவருக்கு அந்த ஆலை மூடினால் கையில் மிஞ்சுவது குறைவு. ஆகவே புதிதாக வரும் ஏதாவதொரு நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதைத் தொழில்தயாரிப்பு என்று சொல்ல முடியாது. எந்த ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூடவே எடுத்துச் செல்லக்கூடிய அடிப்படைத் திறமையைத்தான் பள்ளி வயதில் கொடுக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்குப் பள்ளி வயதே சரியான காலம் என்பதற்குக் கடல்வேலையின் நுழைவு விதிகளைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கப்பலில் மாலுமியாகச் சேர ஜி.பி. ரேட்டிங் என்னும் ஆறு மாதப் பயிற்சி உண்டு. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், அறிவியலும் கணிதமும் படித்திருப்பதும், ஆங்கிலத்தில் குறைந்தபட்சம் 40 மதிப்பெண்ணும், பதினேழரை வயதும் வேண்டும். நிறக்குருடு இருந்தால் அந்த வழி அடைபடும். கடலோரக் காவல்படையில் நாவிக் பொதுப்பணிக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். வணிகக் கப்பலில் அதிகாரியாக வேண்டுமானால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 விழுக்காடு, ஆங்கிலத்தில் 50, அதற்குமேல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. மத்திய அரசின் மீன்பிடி நுட்பப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டில் மீன்பிடிக் கப்பல் ஓட்டுநருக்கும் எஞ்சின் ஃபிட்டருக்குமான இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பத்தாம் வகுப்பு போதும். இடம் சென்னையிலோ கொச்சியிலோ விசாகப்பட்டினத்திலோதான் இருக்கும். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டும் கிடைத்த இடத்தைப் பார்த்தும் எடுக்கப்படும் குரூப் முடிவு, கடல்வழியின் பாதிக் கதவுகளைத் திறந்துவிடுகிறது அல்லது அடைத்துவிடுகிறது. கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்த பையனிடம் பிளஸ் டூ முடித்தபின் கப்பல் படிப்பைப் பற்றிச் சொல்வதில் பயனில்லை. கண் பரிசோதனையில் நிறக்குறை தெரியவருவதும் பலருக்குப் பணம் கட்டிச் சேரும் நேரத்தில்தான். எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் செய்ய வேண்டிய எளிய சோதனை அது. இதோடு ஏமாற்றுக்காரர்களும் உண்டு. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க மத்திய கப்பல்துறை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற முகவருக்கு மட்டுமே அனுமதி. வேலை தேடி வருபவரிடம் அவர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு விதி. இந்த ஒரு வரி தெரியாமல் நிலத்தையும் நகையையும் அடகு வைக்கும் குடும்பங்கள் கடற்கரை எங்கும் இருக்கின்றன.

கடலில் இறங்காத கடல்வேலையோ இதைவிடப் பெரிது, பேசப்படுவதோ குறைவு. ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாளும் துறைமுகத்தைச் சுற்றி சுங்க முகவர் அலுவலகங்கள், கண்டெய்னர் சரக்கு நிலையங்கள், குளிர்பதனக் கிடங்குகள், இறால் பதப்படுத்தும் ஆலைகள், சர்வேயர்கள், லாரி செட்டுகள் என்று ஒரு முழு உலகம் இயங்குகிறது. ஊர்க்காரர்கள் கிளியரிங் ஆபீஸ் என்று சொல்லும் சுங்க முகவர் அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே வேலைக்கு எடுக்கப்படுபவரின் குறைந்தபட்சக் கல்வி பிளஸ் டூ. முதலில் ஹெச் கார்டு. சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. பட்டமும் வாங்கி உரிமத் தேர்வையும் முடித்தால் சொந்தமாகத் தொழில் தொடங்கும் தகுதி. உள்ளூரிலேயே இருந்துகொண்டு, வேலை பார்த்தபடியே மேற்படிப்பும் படித்து ஏறக்கூடிய படி இது. அங்கே சேரும் புதியவர் முதலில் பழகும் வேலைகளில் ஒன்று கண்டெய்னர் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடுவது. நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். ஏழாவது இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் இலக்கம். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்புக் கொடுத்து, இடத்துக்கு ஏற்ப இரண்டின் அடுக்குகளால் பெருக்கி, கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதி கடைசி இலக்கத்தோடு பொருந்த வேண்டும். மீதி பத்தானால் சுழி. பொருந்தாவிட்டால் எண்ணை எங்கோ தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் மட்டு எண்கணிதம் ஒரு பாடம். தூத்துக்குடிப் பிள்ளைகள் வீட்டு வாசலில் நாள் முழுக்கக் கடந்துபோகும் கண்டெய்னர்களின் பக்கவாட்டில் அந்தப் பாடத்தின் பயிற்சிக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. வகுப்பறையில் அதைச் சொல்ல ஆசிரியருக்கு ஒரு முறையாவது அந்த அலுவலகத்தைப் பார்த்திருக்கும் வாய்ப்பு வேண்டும்.

தமிழ்நாடு இதில் எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022 மார்ச் 1இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம் அரசுப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்கல்வி, வேலை வழிகாட்டலைக் கொண்டுவந்தது. கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் பிளஸ் டூ முடித்தவர்களைப் படிப்புகளோடு அறிமுகப்படுத்துகின்றன. கல்லூரியில் சேராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் பிடிக்க உயர்வுக்குப் படி முகாம்கள் நடக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொறியியல், வேளாண்மை, மீன்வளம் உள்ளிட்ட படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடம். உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22இல் இந்தியா முழுவதற்கும் 28.4ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 47ஆக இருந்தது. பெருமைப்பட வேண்டிய எண் இது. ஆனால் இந்தத் திட்டங்கள் அத்தனையும் ஒரே திசையில் போகின்றன: பள்ளியிலிருந்து கல்லூரிக்கு. களப்பயணம் என்றால் கல்லூரி வளாகத்துக்குப் பயணம். பணியிடம் பிள்ளையின் கண்ணில் படுவது படமாகவும் பட்டியலாகவும்தான். மூன்று ஆண்டு கழித்து, கல்லூரி முடித்தபின் அங்கே நுழையும்போது கிடைக்கும் அதிர்ச்சியைச் சமாளிக்க மறுபடியும் ஒரு திறன்பயிற்சித் திட்டம் தேவைப்படுகிறது.

பணியிடத்தைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சி முன்பும் நடந்ததுண்டு. அது ஏன் சோர்ந்தது என்று பார்க்காமல் புதியதைப் பேசுவது வீண். கோத்தாரி குழு 1966இலேயே பணி அனுபவத்தைப் பள்ளிக் கல்வியின் பகுதியாக்கச் சொன்னது. 1978இல் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக்குவது பற்றி விரிவான அறிக்கை தந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை 1995க்குள் மேல்நிலை மாணவரில் 25 விழுக்காட்டினர் தொழிற்பிரிவில் இருப்பார்கள் என்று இலக்கு வைத்தது. நாடு அந்த இலக்கின் அருகே கூடப் போகவில்லை. காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடமாக அது ஆக்கப்பட்டது. நன்றாகப் படிப்பவர் ஃபர்ஸ்ட் குரூப், அடுத்தவர் காமர்ஸ், யாருக்கும் வேண்டாதவர் தொழிற்பிரிவு என்ற வரிசை எல்லாப் பள்ளிகளிலும் எழுதப்படாத விதியாயிற்று. அப்படி ஒதுக்கப்பட்ட பிரிவுக்கு ஆசிரியர் பணியிடமும் கருவியும் நிதியும் எங்கிருந்து வரும்? பாடங்களும் மாநிலம் முழுதுக்கும் பொதுவாகவே வகுக்கப்பட்டன. 2018க்குப் பின் வந்த புதிய பாடநூல்களில் வேளாண் அறிவியல், செவிலியம், அடிப்படை இயந்திரவியல், ஜவுளித் தொழில்நுட்பம், அலுவலக மேலாண்மை எல்லாம் உண்டு. வேலைவாய்ப்புத் திறன்கள் என்று பொதுவான ஒரு பாடமும் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தின் அந்தப் பட்டியலில் மீன்வளமோ துறைமுகமோ தனிப் பாடமாக இல்லை. ஆகவே நான் கேட்பது இன்னொரு பிரிவை அல்ல. பிரித்தாலே வரிசை வந்துவிடும். எந்தக் குரூப்பில் இருந்தாலும், முதல் மதிப்பெண் வாங்குபவரும் கடைசியில் நிற்பவரும் சேர்ந்து போகும் பணியிடக் காலமாக அது இருக்க வேண்டும்.

இங்கே தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழும் எதிர்ப்பு குலக்கல்வி. எழ வேண்டிய எதிர்ப்பும் அதுவே. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. மாநிலமே கொதித்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. மீனவர் பிள்ளை மீன்பிடிக்கவும், உப்பளத் தொழிலாளி பிள்ளை உப்பு வாரவும் பள்ளியே வழிவிட்டிருந்தால் அடுத்த எழுபது ஆண்டு வரலாறு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணினால் அந்தப் போராட்டத்தின் அருமை தெரியும். அந்த அச்சம் பழங்கதையாகிவிடவும் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்றபோது அது மீண்டும் எழுந்தது. குடும்பத் தொழிலைத் தகுதியாக வைத்து 18 வயதினரையும் சேர்த்துக்கொண்ட மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்து, தமிழ்நாடு 35 வயதைக் கடந்தவர்களுக்கென்று கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே காரணத்தால். 18 வயதில் இருப்பவருக்கு உரியது கல்லூரி வாசல் என்ற நிலைப்பாடு அது. நான் அதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் குலக்கல்வியின் கேடு எங்கே இருந்தது? வேலையைக் கற்றதில் இல்லை. யார் எந்த வேலையைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்ததிலும், அதற்காகப் படிப்பு நேரத்தைத் திருடியதிலும் இருந்தது. இன்றைய நிலையைப் பார்த்தால், பள்ளி விலகி நிற்கும் இடத்தில் பிறப்புதான் முடிவு செய்துகொண்டிருக்கிறது. கிளியரிங் ஆபீசில் சித்தப்பா இருக்கும் பிள்ளைக்கு அந்த வேலை தெரியும். கப்பலில் மாமா இருக்கும் பிள்ளைக்கு எந்த குரூப் எடுக்க வேண்டும் என்று தெரியும். உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் பிள்ளைக்கு இரண்டும் தெரியாது. பணியிடத்தைப் பள்ளி பங்கிட்டுக் கொடுத்தால் மட்டுமே மீனவர் மகள் சுங்க அலுவலகத்துக்கும், வியாபாரி மகன் மீன்வள ஆய்வகத்துக்கும் போவது நடக்கும். ஒரு மாணவருக்கு அவர் குடும்பத் தொழில் அல்லாத இரண்டு இடங்களாவது கிடைக்க வேண்டும் என்று விதியே எழுதலாம்.

அடுத்த எதிர்ப்பு குழந்தை உழைப்பு. தீப்பெட்டி ஆலைகள் நிறைந்த கோவில்பட்டியைக் கொண்ட மாவட்டத்தில் இந்த எச்சரிக்கையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பதையும், 14 முதல் 18 வயதுக்குட்பட்டவரை அபாயமான தொழிலில் வைப்பதையும் தடுக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டம் 14 வயதிலிருந்து பழகுநராகச் சேர அனுமதித்தாலும் அபாயத் தொழிலுக்கு 18 என்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பழகுநருக்கு மாதம் 6,000, பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2019இல் வரையறுத்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் குறைந்தது இரண்டரை விழுக்காட்டுக்குப் பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்பதும் அப்போது வந்த விதி. எனவே சட்டத்தின் எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி மாணவருக்கான பணியிடக் காலம் இதைவிடக் கடுமையான வேலிகளோடு வர வேண்டும்: உற்பத்திக் கணக்கில் அவர்கள் சேரக் கூடாது, காப்பீடு வேண்டும், பொறுப்பாசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும், போக்குவரத்தும் சாப்பாடும் அரசுச் செலவாக வேண்டும். துறைமுகத்துக்குள் நுழைய 2004 முதல் சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் நடப்பில் இருப்பதால் கப்பல் துறைக்குள் பிள்ளைகளை அழைத்துப்போவது கடினம் என்று சொல்வார்கள். சரிதான், கப்பல் துறையில் அவர்கள் நிற்கவும் வேண்டாம். கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி வாயிலுக்கு வெளியேதான் நடக்கிறது.

காலம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கரையின் நாட்காட்டியே விடை வைத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக் கோடை விடுமுறையும் பெரும்பாலும் இதற்குள்தான் வருகிறது. அந்த இரண்டு மாதத்தில் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் செய்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை நேர் பார்த்து, வயரிங் மாற்றி, வலை பொத்துகிறார்கள். மரவேலை பார்க்கும் ஓடாவியும் மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் ஒரே இடத்தில் கூடும் காலம் ஆண்டில் இது ஒன்றுதான். பெயிண்டும் பசையும் கலக்கும் இடத்தை விட்டு விலகி, அளவெடுக்கும் வேலையிலும் மின்சுற்றிலும் ஆழமானியிலும் ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை மூன்று வாரம் நின்றால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆழமானி ஒலியைக் கீழே அனுப்பி எதிரொலியைப் பிடிக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். போய் வந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறோம். அந்தப் பெருக்கலில் இரண்டால் வகுக்க மறக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் படித்த வரி அங்கே திரையில் ஓடும் எண்ணாகிறது. அந்த மெக்கானிக்குக்கு எழுத்தில் சொல்லத் தெரியாததை மாணவர் எழுதிவைத்தால் அது இருவருக்கும் பயன்படும் கையேடாகும். கிளியரிங் ஆபீசுக்கும் பதப்படுத்தும் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கும் இந்தக் காலக் கட்டுப்பாடு இல்லை, சனிக்கிழமைகளே போதும்.

மூன்றாவது எதிர்ப்புதான் அறிவுத்தளத்தில் வலுவானது. எல்லோரும் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருக்கும் மாநிலத்தில் வேலையைப் பற்றிப் பேசுவது ஏழைப் பிள்ளைகளைக் கீழே இழுக்கும். இயந்திரங்கள் மாறும் காலத்தில் இன்று பழகிய வேலை நாளை இருக்காது. பொருளியலாளர் ஹனுஷெக்கும் அவர் குழுவினரும் 11 நாடுகளின் தரவை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதரவாக நிற்கிறது. தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளவயதில் வேலை எளிதாகக் கிடைக்கிறது, வயது ஏறும்போது பொதுக்கல்வி படித்தவர்கள் முந்துகிறார்கள் என்பது அதன் முடிவு. மாணவரைச் சிறுவயதிலேயே தனிப்பாதையில் பிரித்துவிடும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் இந்தப் போக்கு கூடுதலாகத் தெரிகிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது பிரிக்காதே என்ற பாடத்தைத்தான். பிரிக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் ஒன்பது உயர்நிலைப் பள்ளிகளில் கெரியர் அகாடமி என்ற ஏற்பாட்டில் பொதுப்பாடத்தையும் பணியிட அனுபவத்தையும் இணைத்தார்கள். விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் சேர்த்ததால் ஒப்பீடு நம்பத்தகுந்தது. பள்ளி முடிந்து எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எம்.டி.ஆர்.சி. நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சேர்ந்தவர்களின் வருமானம் ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காடு அதிகமாக இருந்தது. மேற்படிப்புக்குப் போவது குறையவில்லை. வருமான உயர்வு பெரும்பாலும் ஆண்களிடம் தெரிந்தது, பெண்களிடம் அவ்வளவாக இல்லை. இந்தக் குறை நமக்கு எச்சரிக்கை. தூத்துக்குடியில் பெண்கள் உப்பளத்திலும் இறால் உரிக்கும் மேசையிலும் ஏற்கெனவே உழைக்கிறார்கள். ஆய்வகத்திலும் க்ரேன் இயக்கும் அறையிலும் கணினி மேசையிலும் அவர்களுக்கு இடம் குறிக்காமல் விட்டால் பணியிடக் காலமும் பழைய பங்கீட்டையே திரும்பச் செய்யும்.

கடலுக்கு அக்கரையில் இலங்கை 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியும் பார்க்கத்தக்கது. சாதாரண தரத் தேர்வில் எப்படி வந்தாலும் மாணவர் பள்ளியிலேயே தொடர்ந்து, ஓர் ஆண்டு பொதுவான பாடங்களும் மறு ஆண்டு வேலைப் பயிற்சியும் பெறும் வழி அது. தோற்றவரை வெளியே தள்ளாத ஏற்பாடு என்பதில் அது நல்லது. பரீட்சையில் பின்தங்கியவர்களுக்கானது என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் நமது தொழிற்பிரிவின் கதிதான் அதற்கும்.

இனி யார் செய்வது? புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. கோரம்பள்ளம் அரசு ஐடிஐ இருக்கிறது. டாடா டெக்னாலஜிஸ் உதவியோடு 71 அரசு ஐடிஐக்கள் 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கப்பட்டதும் தெரிந்ததே. அந்த இயந்திரங்கள் சனிக்கிழமை மாலை சும்மா நிற்க வேண்டியதில்லை. மீன்வளக் கல்லூரியும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மாலுமிப் பயிற்சி தரும் தமிழ்நாடு கடல்சார் அகாதமியும் நகரத்திலேயே இருக்கின்றன. இல்லாதது இவற்றைப் பள்ளியோடு இணைக்கும் ஆள். தலைமையாசிரியரின் தலையில் இன்னொரு பதிவேட்டைக் கட்டினால் இதுவும் இன்னொரு புகைப்படத் திட்டமாகிவிடும். ஐந்தாறு பள்ளிக்கு ஒருவர் வீதம், வேலையிடங்களோடு பேசவும் பாதுகாப்பைச் சோதிக்கவும் மாணவரின் குறிப்பேட்டை மதிப்பிடவும் முழுநேரப் பணியிடம் உருவாக்க வேண்டும். அதற்கான செலவு வெளித்துறைமுக மதிப்பீட்டில் ஓர் அணுவளவு. வேலையிடங்களின் இசைவைப் பெறவும் இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கப்பல் கட்டும் தளங்களுக்கு நிலமும் நீரும் மின்சாரமும் சலுகையும் எந்த நிபந்தனையில் கொடுப்பது என்று இப்போதுதான் பேச்சு நடக்கிறது. எத்தனை பேருக்கு வேலை என்று எழுதும் அதே பத்தியில், ஆண்டுக்கு எத்தனை அரசுப் பள்ளி மாணவருக்கு, அதில் எத்தனை பெண்களுக்கு, எந்தப் பிரிவில், எந்த மேற்பார்வையாளரின் கீழ்ப் பணியிடக் காலம் என்று ஒரு வரி சேர்க்க முடியும். கையெழுத்தாகி வேலி போட்டபின் அதே வரியைக் கேட்டால் நிறுவனம் அதைத் தயவாகத்தான் தரும்.